மெழுகு போடாத மூன்று இடங்கள்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க.

சேலத்திலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கீங்க, முதலில் நீங்க கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். போனில் கேட்டீங்க இல்லையா, "அண்ணா, மிஷின் பலகைக்கு வேக்ஸ் போட்டிருக்கீங்களா?" என்று. நான் பதில் சொல்லாமல், நேரில் வாங்க என்று வைத்துவிட்டேன். எதையோ மறைக்கிறான் என்று நினைச்சிருப்பீங்க. மறைக்க ஒன்றுமில்லை. மெழுகு போட்டிருக்கிறேன். முழுசாகப் போடவில்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது?

உங்களுக்கு முன்னால் நாலு பேர் வந்து பார்த்தார்கள். விளக்கு எரியுமா, பில் இருக்கிறதா, கடைசி விலை என்ன, இதுதான் கேட்டார்கள். மெழுகைப் பற்றிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அதனால்தான் உட்காரச் சொன்னேன். மிஷின் அடுத்த அறையில் இருக்கிறது, எங்கேயும் போகாது. மெதுவாகப் பேசுவோம். வீட்டுக்காரி உள்ளே படுத்திருக்கிறாள்.

என் பேர் சென்னியப்பன். பதிமூன்று வயதில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் தராசுக்கல் தூக்கினேன். இப்போது என் தொழில், மூடுகிற இடங்களில் சாமான் எடுப்பது. மூடுகிற ஓட்டல், மூடுகிற தியேட்டர், மூடுகிற மில் கேன்டீன். ஒரு இடம் மூடப்போகிறது என்று அங்கே வேலை செய்கிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். போய் நிற்பேன். சொன்ன விலைக்கு ஒரு குண்டூசி வாங்கினதில்லை. கத்துவேன். ஆமாம், கத்துவேன். கத்தாமல் எனக்கு இந்த உலகத்தில் யாரும் எதுவும் கொடுத்ததில்லை தம்பி.

இன்னொன்று, சும்மா கொடுக்கிற சாமானைத் தொடமாட்டேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு மில்லில் மோட்டார் எடுத்தபோது, மேனேஜர் ஒரு மர பீரோவைச் சும்மா வைத்துக்கொள்ளச் சொன்னான். சந்தோஷமாக வண்டியில் ஏற்றினேன். உள்ளே கரையான். பீரோவைத் தின்று, பக்கத்துச் சுவர் ஏறி, எங்கள் வீட்டு நிலைக்கதவையும் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. அன்றைக்குப் படித்த பாடம்.

இந்த மிஷின் குன்னூரில் கிடைத்தது. தோட்டத்துரைமார் காலத்து கிளப் ஒன்று, மூடிவிட்டார்கள். மேஜை, பீங்கான், பில்லியர்ட்ஸ் பலகை எல்லாம் ஆள் ஆளாக எடுத்துப் போனபிறகு ஒரு மூலையில் இது நின்றது. யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. எனக்கும் தெரியாதுதான். ஆனால் மேலே அழுக்கு இருந்ததே தவிர உடைசல் இல்லை. உடையாத சாமான் எப்போதும் யாரோ ஒருத்தனுக்கு வேண்டியிருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெனடிக்ட் என்று ஒரு பெரியவர். முப்பத்தோரு வருஷம் அந்தக் கிளப்பில் வேலை. அவர்தான் போட்டுக் காட்டினார். நீங்க பார்க்கப்போறீங்க, இருந்தாலும் சொல்கிறேன். சாய்வான பலகை, அதில் சர்க்கஸ் படம். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்துக்கொண்டு கம்பி மேல் நடக்கிறாள். ஓரத்து ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, அங்கே இருக்கிற மணியில் பட்டு, பலகை மேல் உருண்டு வரும். கீழே விழாமல் தட்டிவிட இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று சின்னத் துடுப்பு. பெட்டியின் இரண்டு பக்கமும் பொத்தான். அமுக்கினால் துடுப்பு தட்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

விலை பேசினேன். கிளப் செக்ரட்டரி சொன்னதில் பாதிக்கும் கீழே முடித்தேன். வண்டியில் ஏற்றும்போது பெனடிக்ட் ஓடி வந்தார். கையில் பாதி தீர்ந்த ஒரு டப்பா, ஒரு பழைய பனியன் துணி.

"சார், இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. வேக்ஸ். மாசம் ஒருதரம் கண்ணாடியக் கழட்டிப் பலகையில தேய்ச்சு விடணும்."

"எதுக்கு?"

"குண்டு இரும்பு சார். பலகை மரம். உருள உருளப் படம் தேஞ்சிரும். வேக்ஸ் போட்டா குண்டு வேக்ஸத் தேய்க்கும், படத்தத் தேய்க்காது."

"எவ்வளவு?"

"காசெல்லாம் வேண்டாம் சார். சும்மாதான்."

சும்மா என்றதும் எனக்குக் கரையான் ஞாபகம் வந்தது. இன்றைக்கு டப்பா சும்மா கொடுப்பான், அடுத்த மாதம் சர்வீஸ் பண்ணுகிறேன் என்று வீட்டு வாசலில் நிற்பான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் டப்பாவைப் பிடித்தபடியே நின்றார். வண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்றார்.

குடோனில் மழை ஒழுகியது. அதனால் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். என் வீட்டுக்காரி பேர் துளசிமணி. பார்த்ததும் சொன்னாள், "இதென்னுங்க நடு வீட்டுல, பொணப்பெட்டிக்குக் கால் வெச்சாப்பல?"

"ரெண்டு மாசம். நல்ல கிராக்கி வந்ததும் போயிரும்."

"உங்க ரெண்டு மாசம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

ஆனி மாதம் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. இடது கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கால் திரும்பி வந்துவிட்டது, வாய் திரும்பி வந்துவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. விரல் எல்லாம் உள்ளே மடங்கி, கை தூங்குகிற மாதிரி இருந்தது.

பிசியோதெரபிப் பெண் ஒன்று வாரம் இரண்டு நாள் வரும். ஒரு ஸ்பான்ஞ்சுப் பந்து கொடுத்து, "ஒரு நாளைக்கு இருநூறு தடவை அமுக்குங்கம்மா. ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவுதான், அப்புறம் கஷ்டம்" என்று சொன்னது. இவள் மூன்று தடவை அமுக்குவாள், பந்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். நான் கத்திப் பார்த்தேன். ஒரு நாள் அந்தப் பந்து அரிசி டிரம்முக்குள் கிடந்தது. அதற்கும் கத்தினேன். கத்தினால் கை வந்துவிடுமா என்று கேட்பீங்க. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஆடி மாதம். மத்தியானம் சாப்பிட வருகிறேன், தெருவிலேயே மணிச்சத்தம் கேட்கிறது. டிங், டிங், டிங் என்று. உள்ளே வந்தால் மிஷினில் விளக்கெல்லாம் எரிகிறது. மடித்த துணி தரையில். இவள் அதன் முன்னால் நிற்கிறாள். வலது கையால் வலது பொத்தானை அமுக்குகிறாள். இடது கையைத் தூக்கி இடது பொத்தான் மேல் சார்த்தி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். குண்டு வலது பக்கம் வந்தால் பிழைத்தது. இடது பக்கம் வந்தால் நேராகப் பள்ளத்துக்குள்.

"சோறு?" என்றேன்.

"இருங்க, இன்னும் ரெண்டு குண்டு இருக்குது."

முப்பது வருஷக் கல்யாணத்தில் எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

தினமும் ஆடினாள். ஸ்பான்ஞ்சுப் பந்தை அமுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. இங்கே அமுக்காவிட்டால் குண்டு போய்விடுகிறதே. அதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கருமாந்தரம் இடது பக்கமே வருதுங்க, என்னப் பாத்து வருது" என்று திட்டுவாள். இருபது நாள் கழித்து ஒரு விரல் அசைந்தது. இடது துடுப்பு அரைத் தட்டுத் தட்டியது. குண்டு இரண்டு அங்குலம் மேலே போய்த் திரும்ப விழுந்தது. அதற்கே அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னாள். வைத்தது நான். கருக்கிவிட்டேன், அது வேறு.

புரட்டாசி பிறந்த வாரம், "ஏனுங்க!" என்று ஒரு சத்தம். அடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று ஓடினேன். இடது பக்கம் வந்த குண்டை அடித்து, குடை பிடித்த பெண்ணையும் தாண்டி மேல் மணி வரைக்கும் ஏற்றிவிட்டாளாம். நான் நம்பவில்லை என்று மறுபடி அடித்துக் காட்டினாள். பிசியோதெரபிப் பெண் கையைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, "என்ன பண்றீங்களோ தெரியல, அதையே பண்ணுங்கம்மா. நிறுத்திராதீங்க" என்றது.

அப்போதுதான் இந்த மெழுகுப் பேச்சு வந்தது.

பலகையில் குண்டு ஓடின தடம் எல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழ ஆரம்பித்தது. குண்டின் வேகம் குறைந்துவிட்டது. சில இடத்தில் படம் தேய்ந்து மரம் தெரிந்தது. மிஷின் கதவுக்கு உள்பக்கம் பெனடிக்ட் தன் நம்பரை எழுதி ஒட்டியிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. இவள் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டாள். கண்ணாடியை எப்படிக் கழற்றுவது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சாப்பிடும்போது சொன்னாள்.

"வேக்ஸ் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு? கிளப்புல நூறு பேரு ஆடுனான், போட்டான். வீட்டுல ஒருத்தி ஆடறதுக்கு என்னத்துக்கு?"

"பெனடிக்ட் அண்ணன் சொல்றாரு, வீட்டுல ஆடுனாலும் போடோணுமாம். கம்மியாப் போட்டாப் போதுமாம், ஆனாப் போடாம ஆடக்கூடாதாம்."

"அவன் சொல்லுவான். மெழுகு போட்டா குண்டு சர்ருனு வரும். உன்ற கைக்கு மெதுவா வந்தாத்தான் நல்லது."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "மெதுவா வாரத அடிக்கறதுக்கு எனக்கு எதுக்குங்க கை?"

நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். கொச்சியிலிருந்து ஒருத்தர், பழைய மிஷின்களாகச் சேர்த்து வைக்கிறவர், பேசியிருந்தார். கை படாத சாமானாக இருந்தால் நான் கேட்ட விலை தருவதாகச் சொல்லியிருந்தார். பாலிஷ், மெழுகு, பெயிண்ட் ஒன்றும் படக்கூடாது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாக முடிவு பண்ணினதுதான்.

"வித்துருவீங்களா?"

"அப்புறம்? வெச்சுக் கும்பிடறதுக்கா வாங்குனேன்?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆறு மாசம் ஆகட்டுமுங்க. மார்கழியில வித்துக்குங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன். கிராக்கி மார்கழி வரைக்கும் காத்திருப்பானா, நீங்களே சொல்லுங்க.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு. கிரைண்டர், மிக்ஸி, என் ஸ்கூட்டர், தராசு, சுத்தியல், தையல் மிஷின், கேஸ் அடுப்பு. அரிவாள்மனைக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைப்பாள். அன்றைக்குக் காலையில்தான் கொச்சிக்காரரும் வந்தார். லீவு நாள் என்பதால் கிளம்பி வந்துவிட்டேன் என்றார். கடையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன், "கிளப்பில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, ஒரு துளி எதுவும் படவில்லை."

உள்ளே வந்து பார்த்தால், மிஷினின் கண்ணாடி கழற்றிச் சோபாவில் சாய்த்து வைத்திருக்கிறது. இவள் குங்குமத் தட்டோடு நிற்கிறாள். பலகை மேல் மூன்று பொட்டு. இரண்டு துடுப்புக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று. மூன்றாவது அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் நெற்றியில். ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். மேல் கண்ணாடிக்கு வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். பலகைக்கே வைத்திருக்கிறாள்.

நான் துணியை நனைத்து ஓடிப்போய்த் தேய்த்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. தேய்ந்த இடமெல்லாம் வெறும் மரம், அப்படியே குடித்துவிட்டது. மெழுகு இருந்திருந்தால் ஒரு துடைப்பு, போயிருக்கும். அதை அப்புறம் பெனடிக்ட் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது சிவப்பு மட்டும்தான்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்டால், கோபத்தில் வருகிற வார்த்தைதான், கடையில் தினமும் யாரையாவது சொல்கிறதுதான். "கை வெளங்காமப் போனது பத்தாதுன்னு மூளையும் வெளங்காமப் போச்சாடி?" என்று கேட்டேன்.

கொச்சிக்காரர் செருப்பைத் தேடினார். நான் தடுக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறையைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இவள் தட்டை மிஷின் ஓரத்தில் வைத்தாள். உள்ளே போனாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. மத்தியானம் சுண்டலும் பொரியும் எடுத்து வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அன்றையிலிருந்து அவள் மிஷின் பக்கம் போகவில்லை. இரண்டு நாள் கோபம், மூன்றாம் நாள் போவாள் என்று இருந்தேன். போகவில்லை. நான்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். என்ன சொன்னாலும் 'சரி' என்று ஒரு வார்த்தை. மாத்திரை போட்டாயா, சரி. கடைக்குப் போகிறேன், சரி. வெளியே மழை, சரி. தம்பி, ஒரு ஆள் கூடச் சண்டைக்கு நின்றால் எனக்கு என்ன செய்வது என்று தெரியும். சரி என்கிறவளிடம் என்ன செய்வது?

பதினோரு நாள் கழித்து அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஒரு சைசிங் மில்லில் சாமான் பார்த்துவிட்டு வருகிறேன். பஸ் வரவில்லை. ஒரு அம்மா சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதம் கொடுத்தது. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையால் எடுத்து என் நெற்றியில் வைத்தது. அப்போது தோன்றியது. அன்றைக்கு இவள் தட்டை வலது கையில் பிடித்திருந்தாள். அப்படியென்றால் பொட்டை எந்தக் கையால் வைத்தாள்?

இடது கையால் யாரும் பொட்டு வைக்கமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வைத்திருக்கிறாள். அந்தக் கைதானே அந்த மிஷினில் பிழைத்து வந்தது. அந்தக் கண்ணாடியும் அப்படித்தான். அதைத் தனியாகக் கழற்ற இரண்டு நல்ல கை வேண்டும். முந்தின நாள்வரைக்கும் அவள் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. மூன்று பொட்டும் நல்ல வட்டம் தம்பி. நடுங்கவே இல்லை.

பஸ் வந்தது. ஏறினேன். ஏறினேன் என்றுதான் நினைக்கிறேன், வீட்டுக்கு வந்துவிட்டேனே.

அவளிடம் கேட்டேன். "அன்னிக்கு எடது கையாலயா வெச்சே?"

"சரி" என்றாள். கேள்விக்குப் பதில்கூட இல்லை அது.

பெனடிக்டைக் கூப்பிட்டேன். குன்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். இவளை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தது என் அண்ணன் மனைவி. பெனடிக்ட் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மரத்துக்குள்ள போயிருச்சு சார்" என்றார். பலகையைத் துடைத்து மெழுகு போட்டார். அதே பாதி டப்பா. பத்து மாதம் வைத்திருந்திருக்கிறார். போட்டுவிட்டு ஒரு குண்டு விட்டுக் காட்டினார். எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. பொட்டு மூன்றையும் மட்டும் விட்டு வைத்திருந்தவர், "இது மேலயும் போடவா சார்? தேய்க்கத் தேய்க்க ஒரு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துரும்" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். சாமி காரியமாக வைத்தது, அழிக்கக்கூடாது. அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறு ஒன்றுமில்லை.

போகும்போது டப்பாவைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன், "மெழுகு போட்டாச்சு. இனி வேகமா வரும்."

"சரி."

என் மகள் ஓசூரில் இருக்கிறாள். போனில், "அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க" என்றாள். கேட்டேனே. "துளசி, அன்னிக்குக் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன்" என்று சொன்னேன். அதற்கும் சரிதான். கேட்டாகிவிட்டது, அதற்கு மேல் என்ன இருக்கிறது? பிசியோதெரபிப் பெண் தை மாதம் வந்து கையை அளந்தது. என்னைப் பார்த்தது. புஸ்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டது. விரல் மறுபடி உள்ளே மடங்க ஆரம்பித்திருக்கிறது. ஆறு மாதம் முடிந்து இது எட்டாவது மாதம். இன்னும் வரும் என்கிறார்கள், வராது என்றும் சொல்கிறார்கள்.

எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. போன வாரம் ஒருத்தன் செம்புக் கம்பியில் ஈயம் கலந்து கொடுத்துவிட்டான். முன்னே என்றால் அவன் கடைக்குப் போய்த் தெருவையே கூட்டியிருப்பேன். எடுத்து ஓரமாக வைத்தேன். சரி என்று என் வாயிலும் வந்தது.

மிஷினை விற்றுவிடலாமா என்று கேட்டேன். சரி என்றாள். அதனால் விளம்பரம் கொடுத்தேன். நாலு பேர் வந்தார்கள் என்றேனே. ஒருத்தன், "வெள்ளைக்காரிக்கு யாருங்க கல்யாணம் பண்ணி வெச்சது?" என்று சிரித்தான். ஒருத்தன் பொட்டைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்றான். இருட்டிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று நான் கதவைச் சாத்தினேன். மணி அப்போது பதினொன்று, காலையில்.

வாங்க, எழுந்திரிங்க. இதுதான். டார்ச் வேண்டுமா? அடிச்சுப் பாருங்க. உங்க முகம் தெரிகிறதா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் போடுகிறேன். ஆமாம், யாரும் ஆடுவதில்லை. ஆடாத பலகைக்கு வாரம் ஒருதரம் மெழுகு எதற்கு என்று நீங்க கேட்கமாட்டீங்க என்று நினைச்சேன். கேட்டுட்டீங்க. தெரியவில்லை தம்பி. கை சும்மா இருக்கிறது, போடுகிறேன்.

இந்த மூன்று இடத்தில் இல்லை. இதோ, இது, இது, அப்புறம் அவள் நெற்றி. துணியை விரலில் சுற்றிக்கொண்டு சுற்றிலும் போடுவேன். மேலே படாமல்.

கறைக்குக் குறைக்கச் சொல்றீங்க. நியாயம்தான், நான் உங்க இடத்தில் இருந்தால் பாதி குறைத்திருப்பேன். மற்றதற்கெல்லாம் கேளுங்க. கால் துரு, கேளுங்க. மேல் விளக்கு ஒன்று எரியாது, கேளுங்க. அதற்கு மட்டும் குறைக்கமாட்டேன். கத்தவில்லை, சும்மாதான் சொல்கிறேன்.

ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கணுமா?

வந்த நாலு பேரும் போட்டோ எடுத்தார்கள். ஆடிப் பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. பெனடிக்ட் விட்ட ஒரு குண்டுதான், அதற்கப்புறம் சுவிட்சே போடவில்லை. இருங்க, போடுகிறேன். எரிகிறது பாருங்க. அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. கம்பியை இழுத்து விடுங்க.

ஐயோ, என்ன வேகம். இடது பக்கம், இடது பக்கம்... போச்சு. பரவாயில்லை, ஐந்து குண்டு இருக்கிறது. விடுங்க. வலது பக்கம் நன்றாகத் தட்டுறீங்க. மறுபடியும் இடதா? போச்சு.

கட்டில் சத்தம் கேட்டதா? எனக்குக் கேட்டது.

நிறுத்தாதீங்க. பின்னால் பார்க்காதீங்க தம்பி, நானும் பார்க்கமாட்டேன். வாசற்படியில் நிற்கிறாள். கண்ணாடியில் சேலை தெரிகிறது. நாம் பார்த்தால் போய்விடுவாள். அடுத்த குண்டை விடுங்க.

"தம்பி, எடது பக்கம் அவசரப்பட்டு அமுக்கறீங்க. குண்டு துடுப்பு நுனிக்கு வரட்டும், அப்புறம் அமுக்குங்க."

கேட்டீங்களா? நாலு மாதத்தில் இத்தனை வார்த்தை நான் கேட்கவில்லை. பதில் சொல்லுங்க, "சரிங்கம்மா" என்று சொல்லுங்க. என்னைப் பேசச் சொல்லாதீங்க, நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும். விலை கிடக்கட்டும், அதெல்லாம் இன்றைக்குப் பேசவேண்டாம். பஸ் போனால் அடுத்த பஸ்ஸில் நானே ஏற்றிவிடுகிறேன். ஆடுங்க. அவள் சொன்ன மாதிரி அடிச்சுடாதீங்க, சரியாக அடிச்சுட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. நடந்து வருகிறாள். கொஞ்சம் இடது பக்கம் விட்டு நகர்ந்து நில்லுங்க. அந்தப் பொத்தான் மேலிருந்து கையை எடுத்துடுங்க தம்பி.